மாத்திரையை நிறுத்தினால் வைரஸ் எங்கிருந்து திரும்பி வருகிறது?

மாலைநிழல்

எனக்கு எச்.ஐ.வி. இருக்கிறது. ஒன்பது வருடமாக மாத்திரை சாப்பிடுகிறேன். இரவு ஒன்பது மணிக்கு போனில் அலாரம் அடிக்கும், போடுவேன், படுப்பேன். எட்டு வருடமாக எடுத்த வைரல் லோடு (ரத்தத்தில் வைரஸின் அளவு) சோதனை ஒவ்வொன்றிலும் "கண்டறிய முடியவில்லை" என்றுதான் வந்திருக்கிறது. நோய் எதிர்ப்பு செல்களின் எண்ணிக்கையான சிடி4 எழுநூறுக்கு மேல்.

போன வாரம் தங்கை கேட்டாள். வீட்டில் விஷயம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். "ரத்தத்தில்தான் இல்லையே அண்ணா, அப்புறம் எதற்கு இன்னும் போடுகிறாய்?" நிறுத்தினால் திரும்ப வந்துவிடும் என்றேன். "எங்கிருந்து வரும்?" என்றாள். எனக்குப் பதில் தெரியவில்லை.

டாக்டரிடம் கேட்டால் "உள்ளே ஒளிந்திருக்கும்" என்பார். எதற்குள்ளே? அது அங்கே எப்படிப் போனது? ஒளிந்திருப்பதை ஏன் பிடிக்க முடியவில்லை? நான் படித்தது வணிகவியல், அதனால் படிப்படியாகச் சொல்லுங்கள். ஆனால் கஷ்டமான இடம் வந்தால் தாண்டிப் போய்விடாதீர்கள். ஆறுதல் எனக்கு நிறையக் கிடைத்துவிட்டது. விவரம்தான் வேண்டும்.

நுண்நோக்கி

வணக்கம். வைரஸ் ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை செய்கிறேன். "ஒளிந்திருக்கிறது" என்ற சொல்தான் குழப்புகிறது. கதவுக்குப் பின்னால் ஒளிந்தவனைத் தேடிப் பிடித்துவிடலாம். எச்.ஐ.வி. அப்படி ஒளிவதில்லை. தன் மரபணுக்களை உங்கள் செல்லின் டி.என்.ஏ.வுக்குள்ளேயே வைத்துத் தைத்துவிடுகிறது. தைத்த பிறகு, அந்த செல்லைப் பொறுத்தவரை அதுவும் தன் மரபணுக்களில் ஒன்றுதான். தங்கையின் கேள்விக்கு ஒரு வரிப் பதில் இதுதான். இது எப்படி நடக்கிறது என்பதுதான் பெரிய கதை.

முதலில் நுழைவு. வைரஸ் சுமார் 120 நானோமீட்டர் அகலமுள்ள உருண்டை. அது பிடிக்கும் டி செல், அதாவது நோயை எதிர்க்கும் ஒரு வகை வெள்ளை அணு, அதைப்போல் ஏறக்குறைய அறுபது மடங்கு அகலம். வைரஸைச் சுற்றிக் கொழுப்புச் சவ்வு, அதில் முள்முள்ளாகப் புரதங்கள். ஒரு வைரஸில் சராசரியாகப் பதினான்கு முள்தான் இருக்கும். ஒவ்வொரு முள்ளிலும் வெளியே மூன்று ஜிபி120, அடியில் மூன்று ஜிபி41.

ஜிபி120 போய்ப் பிடிப்பது செல்லின் மேல் இருக்கும் சிடி4 என்ற புரதத்தை. உங்கள் ரிப்போர்ட்டில் எண்ணுகிறார்களே, அந்த செல்களுக்குப் பெயர் கொடுத்த அதே சிடி4. பிடி விழுந்ததும் ஜிபி120இன் மடிப்பு மாறி, அதுவரை மறைந்திருந்த ஒரு பகுதி வெளியே வரும். அது இரண்டாவதாக இன்னொரு புரதத்தைப் பிடிக்கும். பெரும்பாலும் சிசிஆர்5, சில வைரஸ்களுக்கு சிஎக்ஸ்சிஆர்4. இந்த இரண்டாம் பிடிக்குப் பிறகுதான் ஜிபி41 ஈட்டி மாதிரி நீண்டு செல்லின் சவ்வில் குத்துகிறது. குத்திய கையோடு கொண்டை ஊசி போலத் தன்மேலேயே மடங்குகிறது. ஒரு முனை செல்லின் சவ்வில், மறுமுனை வைரஸின் சவ்வில் இருப்பதால், அது மடங்க மடங்க இரண்டு சவ்வும் நெருங்கி ஒன்றாகிவிடும். வைரஸுக்குள் இருந்தது செல்லுக்குள் வந்துவிடும்.

முக்கியமான பகுதியைக் கடைசி நொடி வரை மூடி வைத்திருப்பதால் எதிர்ப்பொருள்களுக்கு அதைப் பிடிக்க அவகாசமே கிடைப்பதில்லை. தடுப்பூசி இவ்வளவு சிரமமாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கரும்பலகை

நான் உயிரியல் ஆசிரியர். நண்பர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். சிசிஆர்5 மரபணுவில் 32 எழுத்துகள் விடுபட்டுப் பிறக்கிறவர்கள் உண்டு. தாய், தந்தை இருவரிடமிருந்தும் அந்தக் குறைப் பிரதியே வந்திருந்தால் செல்லின் மேல் சிசிஆர்5 இருக்காது. சிசிஆர்5ஐ நம்பி வரும் வைரஸ் இவர்களிடம் வந்து வெளியிலேயே நின்றுவிடும். வட ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஒருவர் இப்படி. இது 1996இல் வெளிவந்தபோதுதான், சிடி4 மட்டும் போதாது என்பது எல்லாருக்கும் உறைத்தது.

அடுத்த படி எளிது. உள்ளே வந்ததும் வைரஸின் ஓடு கரைந்து, அதன் மரபணுச் சரமான ஆர்.என்.ஏ. வெளியே வந்து, உட்கருவுக்கு வெளியிலேயே டி.என்.ஏ.வாக மாறி, அந்த டி.என்.ஏ. மட்டும் உட்கருவுக்குள் போகும். வகுப்பில் நான் வரையும் படம் இதுதான்.

நுண்நோக்கி

> உள்ளே வந்ததும் வைரஸின் ஓடு கரைந்து

சார், இந்த ஒரு படத்தை மட்டும் மாற்றி வரையுங்கள். நானும் படிக்கும்போது இப்படித்தான் படித்தேன். கடந்த சில வருடங்களில் இது தலைகீழாகிவிட்டது.

அந்த ஓட்டுக்குப் பெயர் கேப்சிட். கூம்பு வடிவம். ஒரே புரதத்தின் சுமார் 1500 பிரதிகள் ஆறு ஆறாகச் சேர்ந்து தேன்கூட்டு அறைகள் போல அடுக்கியிருக்கும். அறுகோணங்களை மட்டும் வைத்து மூடிய கூம்பு செய்ய முடியாது, அதனால் வளைய வேண்டிய இடங்களில் ஐந்து ஐந்தாகச் சேர்ந்த ஐங்கோணங்கள் சரியாகப் பன்னிரண்டு. இந்தக் கூம்பின் அகன்ற பக்கம் சுமார் 60 நானோமீட்டர். உட்கருத் துளையின் அகலம் 40 நானோமீட்டர் அளவுதான் என்று நெடுங்காலம் நினைத்திருந்தோம். அறுபது எப்படி நாற்பதுக்குள் போகும்? அதனால் ஓடு முன்பே உடைந்தாக வேண்டும் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள்.

2021இல் தொற்றிய டி செல்களை அப்படியே உறையவைத்து எலக்ட்ரான் நுண்நோக்கியில் பார்த்தார்கள். உயிருள்ள செல்லில் அந்தத் துளை 64 நானோமீட்டர் வரை அகலமாக இருந்தது. துளைக்குள் முழுக் கூம்பே கூர்முனை முன்னால் வைத்து நுழைந்துகொண்டிருந்தது. அந்தப் படத்தை முதலில் பார்த்த அன்று எனக்கு வேறு வேலை ஓடவில்லை.

அகலம் மட்டும் போதாது. துளைக்குள் வலைபோல் புரத இழைகள் அடைத்திருக்கும். அவற்றோடு ஒட்டி ஒட்டி விலகத் தெரிந்த, செல்லின் சொந்தச் சுமைதூக்கிப் புரதங்கள்தான் வழக்கமாகக் கடக்கும். கேப்சிட் அந்தச் சுமைதூக்கியைப் போலவே நடந்துகொள்கிறது என்று 2024இல் காட்டினார்கள். அதாவது, ஓடுதான் உள்ளே போவதற்கான அனுமதிச் சீட்டு. டி.என்.ஏ. எழுதும் வேலையும் பெரும்பாலும் உட்கருவுக்குள் போன பிறகுதான் முடிகிறது. செல்லுக்குள் அந்நிய டி.என்.ஏ.வைத் தேடித் திரியும் காவல் புரதங்களின் கண்ணில் படாமல் எல்லாம் மூடிய ஓட்டுக்குள்ளேயே நடக்கிறது.

கரும்பலகை

படித்தேன். திங்கட்கிழமை படத்தை மாற்றி வரைகிறேன். அப்படியானால் வருடத்துக்கு இரண்டு ஊசி என்று வந்திருக்கும் லெனகாபவிர் இந்த ஓட்டைத்தான் தாக்குகிறதா?

நுண்நோக்கி

ஆமாம் சார். துளையின் இழைகள் போய் ஒட்டும் அதே பள்ளத்தில் அந்த மருந்து உட்கார்ந்துகொள்கிறது. ஓடு இறுகி, நொறுங்கி, வழி தவறிப்போகிறது. புதிதாக உருவாகும் வைரஸிலும் ஓடு சரியாகக் கூடுவதில்லை. தடுப்புக்காக நடந்த பெரிய ஆய்வு ஒன்றில் இந்த ஊசி போட்டுக்கொண்ட 2134 பெண்களில் ஒருவருக்கும் தொற்று வரவில்லை. 2024இல் அந்த முடிவு வந்தது.

வினாக்குறி

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும், அடிப்படைக் கேள்வி. ஃப்ளூ, கொரோனா எல்லாம் ஆர்.என்.ஏ. வைரஸ்தானே? அவை நேராகப் பிரதி எடுத்துக்கொண்டு போய்விடுகின்றன. இது மட்டும் ஏன் டி.என்.ஏ.வாக மாறி இவ்வளவு சுற்றுகிறது?

நுண்நோக்கி

அடிப்படைக் கேள்விதான் எப்போதும் நல்ல கேள்வி. ஃப்ளூ வைரஸின் ஆர்.என்.ஏ. செல் செத்தால் அதோடு போய்விடும், உடம்பு ஒரு வாரம் பத்து நாளில் துடைத்துவிடும். டி.என்.ஏ.வாக மாறி செல்லின் டி.என்.ஏ.வோடு சேர்ந்துவிட்டால் அந்த செல் வாழும்வரை இருக்கலாம், அது பிரிந்தால் கூடவே பிரதி ஆகலாம். எச்.ஐ.வி. பிடிப்பதோ நினைவு டி செல்களை. சின்ன வயதில் வந்த நோயைப் பல பத்தாண்டுகள் ஞாபகம் வைத்திருப்பதே அவற்றின் வேலை. இதைவிட நீண்ட நாள் தங்குமிடம் உடம்பில் அதிகம் கிடையாது.

ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ. எழுத முடியும் என்பதை 1970இல் ஹோவர்ட் டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியாகக் காட்டினார்கள். அதுவரை டி.என்.ஏ.விலிருந்து ஆர்.என்.ஏ. என்று ஒரு திசைதான் எல்லாருக்கும் பழக்கம். எழுதும் நொதிக்கு ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்று பெயர், தலைகீழாகப் படியெடுப்பது. எழுதுகிறதே ஒழிய எழுதியதைத் திருப்பிப் படித்துத் திருத்துவதில்லை. வைரஸின் மொத்த நீளம் ஏறத்தாழ 9700 எழுத்து. மூன்று பிரதி எடுத்தால் ஒன்றில் ஒரு பிழை விழும் என்பது தோராயக் கணக்கு. சிகிச்சை இல்லாத ஒருவரின் உடம்பில் ஒரு நாளைக்கு ஆயிரம் கோடி வைரஸ் உருவாகிறது. இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். சாத்தியமான ஒற்றை எழுத்து மாற்றம் ஒவ்வொன்றும் தினம் தினம் எங்காவது நடந்துகொண்டிருக்கும். ஒரே மருந்து கொடுத்தால் அதற்கு அடங்காத வைரஸ் எழுவதும், மூன்று மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதும் இதனால்தான்.

ஆய்வகத்தோழி

நான் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்பவள். மாலைநிழல் அண்ணா, "ரத்தத்தில்தான் இல்லையே" என்று உங்கள் தங்கை கேட்டதற்கு என் பக்கத்திலிருந்து சொல்கிறேன்.

வைரல் லோடுக்கு எடுத்த ரத்தக் குழாயைச் சுழற்றியதும் மேலே வைக்கோல் நிறத்தில் பிளாஸ்மா தெளிந்து நிற்கும், அடியில் சிவப்பு அணுக்கள். இரண்டுக்கும் நடுவே மெல்லிசாக ஒரு வெளுத்த படலம். குழாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால்தான் சரியாகத் தெரியும். டி செல்கள் அந்தப் படலத்தில் இருக்கின்றன. நாங்கள் சோதிப்பது மேலே உள்ள பிளாஸ்மாவை. அதில் மிதக்கும் வைரஸின் ஆர்.என்.ஏ.வை எண்ணுகிறோம். படலத்தைத் தொடாமல் பிளாஸ்மாவை உறிஞ்ச வேண்டும் என்பது எங்களுக்குக் கற்றுக்கொடுக்கும் முதல் பாடங்களில் ஒன்று.

ஆக, "கண்டறிய முடியவில்லை" என்றால் செல்லை விட்டு வெளியே வந்து சுற்றும் வைரஸ் எண்ணும் அளவுக்கு இல்லை என்று பொருள். அந்த வெளுத்த படலத்துக்குள் என்ன தைத்திருக்கிறது என்பதை அந்த ரிப்போர்ட் சொல்வதே இல்லை. செல்லுக்குள் இருக்கும் டி.என்.ஏ.வைத் தேடும் சோதனை வேறு. அதைச் செய்தால் எட்டு வருடம் சுத்தமான ரிப்போர்ட் வாங்கியவரிடமும் பொதுவாகக் கிடைக்கும்.

மாலைநிழல்

எட்டு வருடமாக வாங்கும் ரிப்போர்ட். அது எதை எண்ணுகிறது என்பதே எனக்கு இன்றைக்குத்தான் தெரிகிறது. நன்றி தங்கச்சி.

நுண்நோக்கி, "தைக்கிறது" என்று இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள். அதுதான் கஷ்டமான இடம் என்று நினைக்கிறேன். தாண்டிவிடாதீர்கள்.

நுண்நோக்கி

தாண்டவில்லை. என் மனதுக்கு நெருக்கமான பகுதியே அதுதான்.

இப்போது உட்கருவுக்குள் இருக்கிறோம். வைரஸின் டி.என்.ஏ. எழுதி முடிந்தது. இரட்டை இழை, இரண்டு நுனியும் மொட்டையாக இருக்கும். இன்டக்ரேஸ் என்ற நொதி, வைரஸ் தன்னோடு கொண்டுவந்தது, பல பிரதிகளாகச் சேர்ந்து இரண்டு நுனிகளையும் பிடித்து அருகருகே வைத்துக்கொள்கிறது.

முதல் வேலை: ஒவ்வொரு நுனியிலும் ஓர் இழையின் கடைசி இரண்டு எழுத்துகளை வெட்டி எறிவது. வெறும் இரண்டு எழுத்து! வெட்டிய இடத்தில் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த ஒரு வினைமுனை வெளியே தெரியும்.

இரண்டாவது வேலை: மனித டி.என்.ஏ.வை வளைத்துப் பிடித்து, அந்த இரண்டு வினைமுனைகளாலும் அதன் இரண்டு இழைகளையும் தாக்குவது. நேருக்கு நேராக அல்ல, ஐந்து எழுத்து தள்ளித் தள்ளி. தாக்கும் அந்த நொடியில் மனித இழை அறுந்து வைரஸ் இழையோடு சேர்ந்துகொள்கிறது. அறுப்பதும் தைப்பதும் ஒரே வினை.

இப்போது வைரஸின் டி.என்.ஏ. இரண்டு பக்கமும் ஒரு இழையில் மட்டும் தொற்றிக்கொண்டிருக்கிறது. மற்ற இழையில் இரு பக்கமும் ஐந்து எழுத்து இடைவெளி. இந்த இடைவெளியை அடைப்பது வைரஸ் அல்ல. நம் செல்தான். நம் டி.என்.ஏ.வில் தினமும் எத்தனையோ கீறல் விழுகிறது, அதைச் சரிசெய்ய நொதிகள் எப்போதும் தயாராக இருக்கின்றன. அவை வந்து இதையும் ஒரு கீறல் என்று நினைத்து எழுத்துகளை நிரப்பி முடிச்சுப் போட்டுவிடுகின்றன. அதற்கு அடையாளமாக வைரஸின் இரு பக்கமும் அதே ஐந்து மனித எழுத்துகள் இரட்டிப்பாகி நிற்கும். இப்படி உள்ளே அமர்ந்த வைரஸ் டி.என்.ஏ.வுக்கு புரோவைரஸ் என்று பெயர்.

எத்தனையோ தடவை வகுப்பெடுத்தும் அந்தக் கடைசித் தையலை நம் செல்லே போடுகிறது என்று சொல்லும் இடத்தில் எனக்குத் தொண்டை கொஞ்சம் அடைக்கத்தான் செய்கிறது.

மாலைநிழல்

நான் போடுவது மூன்று மருந்து சேர்ந்த ஒரே மாத்திரை. டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர். இந்தத் தையலை நிறுத்துவது அதில் எது?

ஆய்வகத்தோழி

டோலுடெக்ராவிர் அண்ணா. இன்டக்ரேஸ் வெட்டுவதற்கு அதன் நடுவில் இரண்டு மக்னீசியம் அயனிகள் வேண்டும். டோலுடெக்ராவிர் அந்த இரண்டையும் கவ்விக்கொண்டு உட்கார்ந்துவிடும். முதல் வெட்டு நடந்தாலும் மனித டி.என்.ஏ.வுக்கு அங்கே இடம் கிடைக்காது. தைக்க முடியாத வைரஸ் டி.என்.ஏ. நுனிகள் தமக்குள் ஒட்டி வட்டமாகிப் பயனில்லாமல் போய்விடும். மற்ற இரண்டும் அதற்கு முந்தைய படியில், டி.என்.ஏ. எழுதும்போது போலி எழுத்தாக நுழைந்து எழுத்தை அங்கேயே நிறுத்துபவை.

வைரஸ் நுழைந்து தைப்பதற்குள் கிடைக்கும் இந்தக் கொஞ்ச நேரம் எனக்குச் சொந்த அனுபவம். சில வருடம் முன்பு வேலையில் ஊசி குத்திவிட்டது. கையுறையைக் கழற்றிப் பார்த்தால் ஆள்காட்டி விரல் நுனியில் கடுகளவு ரத்தம். அந்த ரத்த மாதிரி பாசிட்டிவ். ஊசிக் காயத்தில் தொற்று வரும் வாய்ப்பு ஆயிரத்தில் மூன்று என்று எனக்கே தெரியும், இருந்தும் கை நடுங்கியது. இரண்டு மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை போட்டேன். 72 மணி நேரத்துக்குள் தொடங்கிவிட வேண்டும், 28 நாள் விடாமல் போட வேண்டும். ஏன் அந்த அவசரம் என்றால், புகுந்த வைரஸ் முதல் சில செல்களில் தைத்துப் பரவி நிலைகொள்வதற்குள் மருந்து அங்கே காத்திருக்க வேண்டும். தைத்துவிட்டால் இந்த மாத்திரைகளால் பிரிக்க முடியாது. எனக்குத் தொற்று வரவில்லை.

கரும்பலகை

ஒரு சந்தேகம். இது தைக்கும் இடம் தற்செயலானதுதானே? மனித டி.என்.ஏ.வில் முன்னூறு கோடி எழுத்து. அதில் மரபணுக்கள் கொஞ்சம்தான். பெரும்பாலும் வெற்றிடத்தில்தான் போய் விழ வேண்டும்.

நுண்நோக்கி

அப்படி எதிர்பார்க்கலாம், ஆனால் நடப்பது வேறு சார். 2002இல் நூற்றுக்கணக்கான இடங்களைப் படித்துப் பார்த்தபோது, எச்.ஐ.வி. தேடிப் போவது செல் மும்முரமாகப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் மரபணுக்களுக்குள் என்று தெரிந்தது. கேப்சிட்டை ஒரு புரதம் உட்கருவின் உட்பகுதிக்கு அழைத்துப் போகிறது. அங்கே எல்இடிஜிஎஃப் என்ற நம் புரதம் ஒரு கையால் இயங்கும் மரபணுவையும் மறுகையால் இன்டக்ரேஸையும் பிடித்துக்கொள்கிறது. நடமாட்டமுள்ள தெருவில் கடை போடுவது மாதிரி. இயங்கும் இடத்தில் இருந்தால்தான் வைரஸின் மரபணுவும் எளிதாக இயங்கும்.

நம்பிக்கை

எல்லாவற்றையும் படித்தேன். எனக்குள்ள கேள்வி: உடம்பில் செல்கள் எல்லாம் ஏழு வருடத்தில் மாறிவிடும் என்கிறார்களே. மாலைநிழல் எட்டு வருடம் சுத்தமாக இருக்கிறார். பழைய செல்கள் போயிருக்குமே, புதிய செல்களில் தைக்க மாத்திரை விட்டிருக்காது. கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாம் என்று ஏன் யோசிக்கக் கூடாது? எனக்கும் நான்கு வருடமாகிறது, இந்த யோசனை அடிக்கடி வருகிறது.

நுண்நோக்கி

தயவுசெய்து நிறுத்தாதீர்கள். உங்கள் யோசனையில் தர்க்கம் இருக்கிறது, ஆராய்ச்சியாளர்களே தொண்ணூறுகளில் ஏறக்குறைய இப்படித்தான் நம்பினார்கள். சில வருடம் அடக்கி வைத்தால் தொற்றிய செல்கள் செத்துத் தீர்ந்துவிடும் என்று. 1997இல் அந்த நம்பிக்கை உடைந்தது. மருந்தில் நன்றாக அடங்கியிருந்தவர்களின் ஓய்வு டி செல்களை எடுத்து ஆய்வகத்தில் தூண்டினார்கள், உயிருள்ள வைரஸ் வெளியே வந்தது.

ஏன் தீரவில்லை? ஒரு டி செல் வேலையில் இருக்கும்போது தொற்றுகிறது. பெரும்பாலானவை ஓரிரு நாளில் செத்துவிடும். ஆனால் மிகச் சில, தையல் முடிந்த கையோடு ஓய்வுக்குப் போய் நினைவு செல்லாகிவிடும். ஓய்வில் இருக்கும் செல்லில் மரபணுவை இயக்கும் புரதங்கள் உட்கருவுக்கு வெளியே கட்டுண்டு கிடக்கும். வைரஸுக்கும் தன்னைத் தூண்டிக்கொள்ள டாட் என்று ஒரு புரதம் உண்டு, கொஞ்சம் உருவானால் அது இன்னும் உருவாக்கும். ஆனால் அந்த முதல் கொஞ்சமே உருவாகாவிட்டால் எல்லாம் அமைதி. வைரஸ் புரதம் ஒன்றும் வெளியே தெரியாததால் நோய் எதிர்ப்புச் சக்திக்கு அந்த செல்லும் மற்ற செல் மாதிரிதான். மாத்திரைக்கும் அங்கே வேலை இல்லை. எழுதுவதும் தைப்பதும் வெட்டுவதும் நடந்தால்தானே தடுக்க முடியும்? ஓய்வு செல்லில் எதுவுமே நடக்கவில்லை.

பத்து லட்சம் ஓய்வு செல்லில் ஒன்றுதான் இப்படி உயிருள்ள வைரஸைத் தரும். ஆனால் அந்தச் சேமிப்பு பாதியாகக் குறையவே சுமார் 44 மாதம். அந்தக் கணக்கில் முழுதும் தீர எழுபது வருடத்துக்கு மேல் ஆகும்.

இனி உங்கள் ஏழு வருடக் கணக்கு எங்கே தவறுகிறது என்று பாருங்கள். செல் மாறுவது என்றால் பழையது போய்ப் புதியது வானத்திலிருந்து விழுவதில்லை. நினைவு செல் இரண்டாகப் பிரிந்துதான் தன் இனத்தைத் தக்கவைக்கிறது. பிரியும்போது டி.என்.ஏ. முழுவதையும் பிரதி எடுக்கும், தைத்த வைரஸையும் சேர்த்து. புதிய தொற்று ஒன்றும் இல்லாமலேயே புதிய செல்லில் வைரஸ் வந்துவிட்டது. 2014இல் இதை நேரடியாகப் பார்த்தார்கள். ஒரே நோயாளியின் பல செல்களில் வைரஸ் ஒரே எழுத்தில், ஒரே இடத்தில் தைத்திருந்தது. அத்தனையும் ஒரு தாய் செல்லின் வாரிசுகள்.

ஆய்வகத்தோழி

நம்பிக்கை, நானும் கேட்டுக்கொள்கிறேன். நிறுத்தியவர்களில் பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று வாரத்தில் வைரஸ் திரும்பிவிடுகிறது. சிடி4 நன்றாக இருப்பவர்களை நிறுத்தி நிறுத்திச் சாப்பிட வைத்தால் என்ன ஆகும் என்று 5472 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. நிறுத்திய பக்கத்தில் நோயும் மரணமும் கூடியதால் 2006இல் பாதியிலேயே கைவிட்டார்கள். அந்தக் கேள்விக்கான விலையை அவர்கள் ஏற்கனவே கொடுத்துவிட்டார்கள். யோசனை திரும்ப வந்தால் இங்கே எழுதுங்கள், தனியாக முடிவெடுக்காதீர்கள்.

இன்னொன்று. இந்தத் தைத்த வைரஸ்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் பழுதானவை. எழுத்து விடுபட்டோ சிதைந்தோ, திரும்ப எழவே முடியாதவை. மீதி இருக்கும் சில முழு வைரஸ்கள்தான் பிரச்சினை.

நம்பிக்கை

நிறுத்தவில்லை. கேட்டதற்குத் திட்டாமல் பதில் சொன்னீர்களே, அதுவே பெரிது. வாரிசு செல் விஷயம் எனக்கு யாரும் சொன்னதில்லை.

வினாக்குறி

அப்படியானால் முழுதாகக் குணமானவர் என்று யாருமே இல்லையா? பெர்லினில் ஒருவர் என்று படித்த ஞாபகம்.

கரும்பலகை

திமோதி ரே பிரவுன். ரத்தப் புற்றுநோய்க்காக 2007இல் பெர்லினில் அவருக்கு எலும்பு மஜ்ஜை மாற்றினார்கள். நான் முன்பு சொன்ன அந்த 32 எழுத்து விடுபட்ட கொடையாளியாகப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார் மருத்துவர் கெரோ ஹூட்டர். பழைய டி செல்கள் அழிந்தன, புதியவற்றில் சிசிஆர்5 இல்லை. எச்.ஐ.வி. மருந்து இல்லாமலேயே இருந்தார், வைரஸ் திரும்பவில்லை. 2020இல் புற்றுநோய் திரும்பியதால் இறந்தார். பிறகும் சிலர் இப்படி. ஆனால் இது உயிருக்கே ஆபத்தான சிகிச்சை, புற்றுநோய் இருந்ததால் மட்டும் செய்தது.

நுண்நோக்கி

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். மிசிசிப்பியில் ஒரு குழந்தைக்குப் பிறந்து 30 மணி நேரத்தில் மருந்து தொடங்கினார்கள். பிறகு மருந்து நின்றுபோனது. 27 மாதம் மருந்தே இல்லாமல் வைரஸ் தெரியவில்லை, உலகமே குணமாகிவிட்டது என்று நினைத்தது. 2014இல் திரும்ப வந்தது. ஓரிரு செல் போதும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

தூங்கும் வைரஸை மருந்தால் எழுப்பி, எழுந்த செல்லைக் கொல்லும் முயற்சி நடக்கிறது. எழுப்புவது ஓரளவு முடிந்தது, சேமிப்பு குறையவில்லை. நேர்மாறாக, எழவே விடாமல் நிரந்தரமாகப் பூட்டுவது இன்னொரு வழி. எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை அதிகம், இது என் கருத்து.

மாலைநிழல்

நேற்று இரவு தங்கைக்கு எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு தாளில் நீளமாக இரண்டு கோடு போட்டு, நடுவில் சிவப்பு பேனாவால் ஒரு துண்டு வரைந்து, இரு பக்கமும் அந்த ஐந்து எழுத்துகளை எழுதிக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இரண்டு கேள்வி கேட்டாள்.

ஒன்று: தைத்துக்கொண்டு உள்ளேயே இருக்கிறது என்றால், உன்னிடமிருந்து மற்றவர்களுக்கு வராது என்று சொன்னதெல்லாம் பொய்யா?

இரண்டு: உனக்குள் அது எந்த இடத்தில் தைத்திருக்கிறது?

ஆய்வகத்தோழி

முதல் கேள்விக்கு நான். பொய் இல்லை அண்ணா. பாலுறவு வழியாக இன்னொருவருக்குப் போக வேண்டுமானால் செல்லை விட்டு வெளியே வந்த முழு வைரஸ் போதிய அளவு வேண்டும். உறங்கும் டி.என்.ஏ. துண்டு தொற்றாது. ஒருவர் பாசிட்டிவ், மற்றவர் நெகட்டிவ் என்ற ஜோடிகளை வருடக்கணக்கில் கவனித்த ஆய்வுகளில், வைரல் லோடு அடங்கியவரிடமிருந்து துணைக்கு ஒரு தொற்றுகூடப் போகவில்லை. ஆணுறை இல்லாமலேயே. தங்கையிடம் தைரியமாகச் சொல்லுங்கள். ரத்த தானத்துக்கு இது பொருந்தாது, அங்கே செல்லோடு சேர்த்துக் கொடுக்கிறோம்.

நுண்நோக்கி

இரண்டாவது கேள்வி கேட்ட உங்கள் தங்கையை நான் பாராட்டுகிறேன். எங்கள் துறை இப்போது கேட்டுக்கொண்டிருப்பதே அதைத்தான்.

ஓர் இடம் என்று இல்லை. தொற்றிய ஒவ்வொரு செல்லிலும் ஒவ்வோர் இடம், வாரிசு செல்களில் மட்டும் ஒரே இடம். ஆனால் எந்த இடம் என்பது விதியை மாற்றுகிறது. மருந்தே இல்லாமல் வைரஸை அடக்கி வைத்திருக்கும் அபூர்வ மனிதர்கள் சிலர் உண்டு. அவர்களின் முழு வைரஸ்கள் எங்கே தைத்திருக்கின்றன என்று பார்த்து 2020இல் வெளியிட்டார்கள். மற்றவர்களைவிட மிக அதிகமாக, மரபணுக்களே இல்லாத பாலைவனப் பகுதிகளிலோ செல் திறந்து படிக்காமல் இறுக்கிச் சுருட்டி வைத்திருக்கும் இடங்களிலோ இருந்தன. வைரஸ் வேண்டுமென்றே அங்கே போகவில்லை. இயங்கும் இடத்தில் தைத்தவை அவ்வப்போது தலைகாட்டியிருக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி அவற்றை ஒவ்வொன்றாகப் பிடித்து அழித்திருக்கும். எழ முடியாதவை எஞ்சின.

மருந்தில் இருபது வருடம் போல இருப்பவர்களிடமும் இதே பக்கமாக மெல்ல நகர்வதைப் பார்த்திருக்கிறார்கள். முழு வைரஸ் உள்ள செல்கள் குறைந்துகொண்டே வர, மிஞ்சுபவற்றில் சுருட்டி வைத்த பகுதிகளில் தைத்தவற்றின் பங்கு கூடுகிறது. மாத்திரையை நிறுத்தும் அளவுக்கு இது போதாது. ஆனால் உங்களுக்குள்ளும் ஒன்பது வருடமாக இப்படிச் சலித்தெடுக்கும் வேலை நடந்துகொண்டிருக்க வாய்ப்பு உண்டு.

மாலைநிழல்

அந்தத் தாளை அவளே எடுத்து வைத்துக்கொண்டாள். சிவப்புத் துண்டைச் சுற்றி இறுக்கிச் சுருட்டின மாதிரி இன்னும் கொஞ்சம் கோடு போட்டிருக்கிறாள்.